கழுத்தில் வெள்ளை வளையம்

2023 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். மேகம் மூடியிருந்தது, காற்று இல்லை, வெண்டை இலைகளில் பனி ஈரம் காயவில்லை. செலியமேட்டில் எங்கள் இருபது குழி, அதாவது கால் ஏக்கர் நிலத்தின் கிழக்கு வரப்பை ஒட்டிய அறுபது செடிகளை எண்ணினேன். 212 சிவப்புப் பூச்சிகள். நடு வயலில் இன்னொரு அறுபது செடிகள். அங்கே 19. வாய்க்கால் கரையில் நிற்கும் பூவரச மரங்களிலிருந்துதான் வருகின்றன என்பதற்கு இந்த இரண்டு எண்ணே போதும். வெண்டையும் பூவரசும் பருத்தியும் ஒரே குடும்பம். ஒன்றில் உட்காரும் பூச்சிக்கு மற்றது சொந்தக்காரர் வீடு.

கறிக்குப் போட்ட வெண்டையாக இருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். பிஞ்சிலேயே பறித்துவிடுகிற காயில் இந்தப் பூச்சிக்கு வேலை இல்லை. எங்களுடையது விதைக்குப் போட்ட வெண்டை. காய் முற்றி, காய்ந்து, விளிம்பு வெடிக்கும்போதுதான் இது கூட்டமாக வருகிறது. ஊசி மாதிரி நீண்ட மூக்கை வெடிப்புக்குள் விட்டு, விதையில் இருக்கிற எண்ணெயை உறிஞ்சிவிடும். வெளியே பார்த்தால் விதை விதையாகவே இருக்கும். மண்ணில் போட்டால் முளைக்காது.

வில்லியனூரில் ஒரு விதை வியாபாரி கிலோ 220 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நிபந்தனை ஒன்றே ஒன்று: நூறு விதையில் 65 முளைக்க வேண்டும். 64 என்றால் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். தொண்ணூறு கிலோ வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அதில் பாதி எனக்கு, பாதி வாரத்துக்குப் பயிர் செய்த பெண்ணுக்கு. நிலமும் விதையும் மோட்டாரும் என்னுடையவை, உழைப்பு அவளுடையது, விளைவது பாதிப்பாதி. அதுதான் எங்கள் பக்கத்து வாரம். ஜனவரி 8 அன்று விதை ஊன்றியதிலிருந்து 77 நாள் அவள் ஒரு ரூபாய் கூலி வாங்காமல் அந்த 3,912 செடிகளோடு கிடந்தாள். அவள் பங்கு 9,900 ரூபாய் வரும். அதில் அவள் வீட்டுக் கூரைக்குப் பதினான்கு தகரம் வாங்குவதாக இருந்தாள். பழைய கூரையில் பதினொரு இடத்தில் வானம் தெரிந்தது. நானே நின்று எண்ணியிருக்கிறேன்.

அன்றே பாகூருக்குப் போய் பூச்சிமருந்துக் கடையில் கேட்டேன். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். அதில் சின்னது ஒன்றும் பெரியது ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கடைக்காரர் இரண்டு விநாடிகூடப் பார்க்கவில்லை.

"செவப்புப் பூச்சி சார். அரை லிட்டர் இருக்குது, ஆயிரத்து நூத்தி நாப்பது."

"இதுல ஒண்ணு பெருசா இருக்குதே?"

"செவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான் சார். பில்லு போடட்டா?"

அந்த ஆளை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பூச்சி விஷயத்தை வைத்தே வயிறு வளர்க்கிறவனுக்குப் பூச்சியைப் பார்க்க இரண்டு விநாடி கிடையாது. மருந்தை வாங்காமல், மேசை மேல் கிடந்த துண்டுப் பிரசுரம் ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன். அதில் சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி என்று போட்டு, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிய படம். உண்மை அளவு எத்தனை என்று எங்கும் இல்லை. அளவு சொல்லாத படத்தை அச்சடித்தவனை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார்களோ தெரியவில்லை. "குஞ்சுகள் தாயைப் போலவே இருக்கும், இறகு மட்டும் இராது" என்று கீழே ஒரு வரி. அந்த வரிதான் என்னைக் கெடுத்தது.

மருந்து வேண்டாம், கையால் பிடிக்கலாம் என்று முடிவு செய்தேன். விடியற்காலையில் இந்தப் பூச்சி மந்தமாக இருக்கும். காயைத் தட்டினால் கீழே பிடித்த சோப்புத் தண்ணீர் வாளியில் விழுந்துவிடும். முப்பத்தொரு வருடம் கரும்பு ஆலையில் எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் வேலை நடக்கும் என்பது என் வேதம். நாலு பூச்சிக்கு ஒரு ரூபாய் என்று அறிவித்தேன். வாரத்துப் பெண்ணும், அவள் வீட்டுக்காரனின் தம்பியும் மறுநாள் திங்கட்கிழமை வாளியோடு வந்தார்கள். வாளியில் கிடந்ததை வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டி, தீக்குச்சியால் நகர்த்தி நகர்த்தி எண்ணினேன்.

சின்னவை இருந்தன, பெரியவையும் இருந்தன. கொழுந்தன் வாளியில் பெரியவை 41. அவள் வாளியில் பெரியது ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, பெருசு ஒண்ணு கூட உன் கண்ணுல படலியா?" என்றேன்.

"படுது சார். அத்த நான் புடிக்கல. அது வேற சார்."

"வேறன்னா?"

"வேற தினுசு. காய்க்கே போவாது. சின்னதுங்கள குத்தித் தூக்கினு போவுது. நான்தான் தினம் பாத்துகினு இருக்கேனே."

நான் பிரசுரத்தை எடுத்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். பெரியது தாய், சின்னது குட்டி. இந்தப் பூச்சிகள் இரண்டிரண்டாக வால் ஒட்டி நடக்குமே, அதில் ஒன்று பெரியது ஒன்று சின்னது, அந்தப் பெரியதுதான் பெண் என்றும் விளக்கினேன். ஒரு தாயைப் பிடித்தால் நூறு குட்டி மிச்சம் என்று கணக்கும் சொன்னேன்.

அவள் அசையவில்லை. "ஜோடில நடக்கற பெருசு வேற, இந்தப் பெருசு வேற சார். அதுக்குக் கழுத்துல வெள்ள வளையம் இருக்கும். இதுக்கு இல்ல."

"வயசானா வெள்ளை போயிடும்மா."

அவள் என் தலையை ஒரு பார்வை பார்த்தாள். "வயசானா வெள்ள வரும் சார். போவுமா?"

கொழுந்தன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அண்ணி, சார்கிட்டயே கணக்கு கேக்கறியா நீ? வா வா, வூட்டுக்குப் போயி சோறு ஆக்கு."

"நீ மூடுடா. சார் சொல்லட்டும்."

நான் என்ன சொன்னேன்? கோபத்தில், அன்று பிடித்ததிலிருந்தே பெரியதற்கு இரண்டுக்கு ஒரு ரூபாய் என்றேன். கூலியை இரட்டிப்பாக்கினால் வாதத்தில் ஜெயித்ததாகும் என்று நினைத்த மூளை என்னுடையது. அன்று மாலை நோட்டில் அதையும் எழுதி வைத்தேன்.

கொழுந்தனுக்குக் கொண்டாட்டம். பெரியவை மற்ற பூச்சிகள் கூடியிருக்கிற இடத்தின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஓடாது, தட்டினால் முதலில் விழுவதும் அதுதான். அவன் அதைத் தேடித் தேடிப் பிடித்தான். அவள் சின்னதை மட்டும் பிடித்தாள். தினமும் காலை ஏழேகாலுக்குத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து எண்ணும்போது அவன் அவளைச் சீண்டுவான்.

"அண்ணிக்குப் பூச்சி மேல எரக்கம் சார். எனக்குப் பழைய சோறு போடும்போது மட்டும் அது எங்க போவுதோ தெரியல."

"ஒன் வயித்துக்கு ஒரு அண்டா வேணும். பூச்சிக்கு அதுவா வேணும்?"

நானும் விடவில்லை. "உன் பயிருக்குத்தானேம்மா செய்யறேன். எனக்கென்ன, உன் கூரைதான் ஒழுகுது" என்று ஒரு நாள் சொன்னேன். அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்த வார்த்தையைச் சொன்ன வாயை இப்போது நானே ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கிறது.

ஒன்பது நாள். அவள் பிடித்தது சின்னவை 1,636. அவன் பிடித்தது சின்னவை 712, பெரியவை 684. பத்தாம் நாள், ஏப்ரல் 5 புதன்கிழமை, அதே கிழக்கு வரப்பில் அதே அறுபது செடிகளை எண்ணினேன். 571.

இரண்டாயிரத்துக்கு மேல் கொன்ற பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு எப்படி ஐந்நூற்று எழுபத்தொன்று ஆகும்? எண்ணியதில் தப்பு என்று திரும்ப எண்ணினேன். 568. மூன்று பறந்திருக்கும். அங்கே நின்றபடியே கொழுந்தனைத் திட்டினேன், பூவரச மரத்தைத் திட்டினேன், வாய்க்காலைத் தூர் வாராதவர்களைத் திட்டினேன். வாய்க்காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து முந்தின நாள் பூச்சிகளைத் தட்டில் திரும்பக் கொட்டினேன். எடைச் சீட்டில் அழிந்த எண்களைப் படிக்க ஆலையில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்தேன். கூலி இரண்டு விலையாக இருந்ததால் சின்னதும் பெரியதும் ஏற்கெனவே தனித்தனிக் குவியலாகத்தான் இருந்தன.

சின்னவை ஒவ்வொன்றிலும் தலைக்கும் முதுகுக்கும் நடுவில் கழுத்துப்பட்டை போல ஒரு வெள்ளைக் கோடு. மூடிய இறகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கறுப்புப் பொட்டு. புரட்டிப் போட்டால் வயிற்றில் குறுக்கே வெள்ளை வரிகள். பெரியவற்றில் கழுத்துக்கோடு இல்லை. பொட்டு இல்லை. வயிற்றில் வெள்ளை வரியும் இல்லை. சிவப்பும் இறகு நுனியின் கறுப்பும்தான். சரி, வயதானதில் நிறம் போயிருக்கும் என்று அப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடிவாதம் சாவதற்கு நேரமாகிறது.

அப்புறம்தான் பெரியவற்றின் குவியலில் ஒன்று தட்டுப்பட்டது. கொழுந்தன் இரண்டுக்கு ஒரு ரூபாய்க் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தான். அதற்கு இறகு முழுதாக வளரவில்லை. தோளில் சின்ன மொட்டாகத்தான் இருந்தது. அதாவது குஞ்சு. பக்கத்தில் இறகு முழுதாக வளர்ந்த, வெள்ளை வளையமுள்ள சின்னது ஒன்றை வைத்தேன். குஞ்சு அதைவிடப் பெரியதாக இருந்தது.

இறகு வளர்ந்த பூச்சி அதற்கு மேல் வளராது. பிரசுரம் படித்த எனக்கு அது தெரியும். வளர்ந்து முடிந்ததைவிட வளராதது பெரியதாக இருந்தால் இரண்டும் ஒரே இனம் இல்லை. தாயும் இல்லை, குட்டியும் இல்லை. இரண்டாம் வகுப்புக் கணக்கு. கையோடு எல்லாவற்றையும் தீக்குச்சியால் கிளறினேன். பெரியது ஒன்றின் ஊசிமூக்கில் வெள்ளை வளையத்துச் சின்னது ஒன்று குத்தியபடியே செத்துக் கிடந்தது. சாப்பாட்டில் கை வைத்திருந்தவனை இழுத்து வந்து தண்ணீரில் முக்கியிருக்கிறேன். எனக்காகக் கூலி வாங்காமல் வேலை பார்த்த 684 பேரைக் காசு கொடுத்துக் கொன்றிருக்கிறேன், அதுவும் இரட்டிப்புக் காசு.

அவள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், என் வாசலிலிருந்து 412 தப்படி. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டை நீட்டினேன்.

"இது வேறதான்" என்றேன்.

அவள் தட்டைப் பார்க்கவே இல்லை. "அதத்தான் சொன்னேனே சார்."

"சொன்னா சரியா சொல்ல வேணாமா? ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டா எப்படி?"

"இன்னாது? ஒரு தடவையா?" அவள் எழுந்துவிட்டாள். கையில் சாம்பல் நார் இருந்தது. "மூணு தடவ சொன்னேன். நீங்க பேப்பர எடுத்துப் படிச்சிங்க. அப்பறம் துட்ட ஏத்துனிங்க. துட்டு ஏத்துனப்பறம் என் பேச்ச எவன் கேப்பான்? இவன் கேப்பானா?"

கொழுந்தன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "நான் இன்னா பண்ணேன் அண்ணி? சார் பெருச கேட்டாரு, பெருச குடுத்தேன்."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே அவனை அறையலாம்போல் இருந்தது.

பிறகு அவளும் நானும் ஐந்து நாள் பூவரச மரங்களின் அடியில் குனிந்து திரிந்தோம். வாய்க்கால் கரையில் 27 மரங்கள். கழுத்தில் வளையம் இல்லாதவற்றை மட்டும், மூடியில் ஓட்டை போட்ட காப்பித்தூள் டப்பாவில் உயிரோடு பிடித்தோம். கிடைத்தது 38. அவற்றைக் கிழக்கு வரப்புச் செடிகளில் விட்டோம். ஒன்று கூட்டத்தின் ஓரத்தில் வெகுநேரம் சும்மா நின்றது. பிறகு ஒரு சின்னதின் பின்னால் போய், முதுகில் ஏறி, மூக்கை இறக்கியது. சின்னது கால்களை உதைத்தது. பெரியது அதை மூக்கிலேயே மாட்டிக்கொண்டு இலைக்கு அடியில் இழுத்துப் போனது. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொரு நிமிடம். அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள். "பாத்திங்களா?" என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முப்பத்தெட்டு என்ன செய்யும்? ஏப்ரல் முழுதும் காய் வெடித்துக்கொண்டே இருந்தது, வளையக்காரர்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள். அறுவடையில் 71 கிலோதான் வந்தது. கையில் அள்ளினால் கனமில்லை. நூறு விதையைப் பத்துப் பத்தாக ஈரத்துணியில் சுற்றி ஏழு நாள் வைத்தேன். 38 முளைத்தது. எண்ணிப் பார்த்துவிட்டு அவளிடம் சொல்லாமல் மூட்டைகளை வில்லியனூருக்கு அனுப்பினேன். வியாபாரி சோதித்ததில் 41. மூன்று கூடுதல் என்று அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். மூட்டைகள் அதே வண்டியில் திரும்பி வந்தன.

வாரத்தில் லாபம் பாதி என்றால் நஷ்டமும் பாதி. எங்கள் பக்கம் இதுதான் முறை. வெள்ளம் வந்தாலும் எலி தின்றாலும் நிலத்துக்காரன் பயிர் செய்தவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. இரண்டு நாள் நான் இதை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பூச்சியும் எலி மாதிரிதான். யாருக்கும் நான் கடன்படவில்லை. மூன்றாம் நாள் அவள் வந்தாள். பணம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

"சார், அந்த நோட்டு இருக்குதா?"

"எந்த நோட்டு?"

"எல்லாத்தையும் எழுதுவிங்களே. மொத நாளு பூச்சி புடிச்சோமே, அன்னிக்கி இன்னா எழுதியிருக்கிங்கன்னு படிங்க."

எடுக்காமல் இருந்திருக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருடம் எடைமேடையில் ஒரு சீட்டைத் தொலைத்ததில்லை நான். எடுத்துப் படித்தேன்:

"27-3, திங்கள். பெரியது வேறு இனம் என்று வாரக்காரி சொல்கிறாள். தவறு என்று விளக்கினேன். பெரியதற்குக் கூலி இரண்டுக்கு ஒரு ரூபாய் என உயர்த்தினேன்."

என் கையெழுத்து. அழகான கையெழுத்து வேறு.

"எலி தின்னா நானும் அழுவேன் சார், நீங்களும் அழுவிங்க" என்றாள். "இது எலி தின்னது இல்ல."

அவளுக்கு எப்படி இது தெரிந்தது? எலிக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. நிலத்துக்காரன் எந்தக் கணக்கைப் போடுவான் என்று பயிர் செய்கிறவர்களுக்கு எப்போதும் தெரியும்போல. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவள் மேல் இல்லை என்று இப்போது எழுதுகிறேன், அப்போது அவள் மேலும்தான். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து 9,900 ரூபாயை எண்ணி எடுத்து வந்து கொடுத்தேன். அவள் என் எதிரிலேயே இரண்டு முறை எண்ணினாள். இரண்டாவது முறை நோட்டுகளைத் திருப்பி வைத்து எண்ணினாள். சரியாக எண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அன்று பிடிக்கவில்லை.

தகரம் வந்து இறங்கிய அன்று போய்ப் பார்த்தேன். பதினான்கு. ஒன்றின் மூலை மடங்கியிருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போன் செய்ய வைத்தேன். கொழுந்தன் மேலே ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "சார், அடுத்த வருசமும் பெருசு ரெண்டுக்கு ஒரு ரூவாதானா?" என்று கேட்டான். அவள் கீழேயிருந்து ஒரு ஓட்டுச்சில்லை எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

இப்போது கிழக்கு வரப்புக்குப் போகும்போது பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். சிவப்பாக எது தெரிந்தாலும் முதலில் கழுத்து, பிறகு இறகுப் பொட்டு, பிறகு புரட்டி வயிறு. பாகூர்க் கடையில் இன்னமும் இரண்டு விநாடிதான் பார்க்கிறார்களாம். அவர்களுக்கு நஷ்டமில்லை.

கூலி அவளுக்கு 409, அவனுக்கு 520. சோப்புத்தூள் 60. வில்லியனூர் போக வர வண்டி 700. அவள் பங்கு 9,900. வராமல் போன என் பங்கு 9,900. ஆக மொத்தம் இருபத்தோராயிரத்து நானூற்று எண்பத்தொன்பது ரூபாய்.